சூத்திரத்துக்கு வால் வேண்டுமா, வேண்டாமா?



நம் சுவர் இதழில் மரம் வளர்ப்போம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம், நேரம் பொன் போன்றது என்று எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. எல்லாம் நல்ல கட்டுரைகள்தான். ஆனால் கணக்கைப் பற்றி ஒன்றுகூட வரவில்லை. நான் எழுதப் போகிறேன் என்றதும் என் பக்கத்து பெஞ்ச் தோழி, "கணக்குல கருத்து சொல்ல என்னடி இருக்கு? ஒண்ணு சரி, இல்லன்னா தப்பு, அவ்ளோதானே" என்று கேட்டாள். அப்படி இல்லை. சரியும் தப்பும் இல்லாத மூன்றாவது ஒன்று கணக்கில் இருக்கிறது. அதைத் தெரியாமல் விட்டதால் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் படிக்க வேண்டும் என்பதால் ஆங்கில எழுத்துக்களைப் போடாமல் சூத்திரங்களை வார்த்தையாகவே எழுதியிருக்கிறேன்.

வால் என்றால் என்ன?

தனிவட்டிச் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்.

வட்டி = அசல் × காலம் × வீதம் ÷ 100

இதில் வட்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். காலத்தைக் கண்டுபிடி என்று கேட்டால் சூத்திரத்தைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டு பக்கமும் 100-ஆல் பெருக்கி, பிறகு இரண்டு பக்கமும் (அசல் × வீதம்) கொண்டு வகுத்தால் இப்படி வரும்.

காலம் = (வட்டி × 100) ÷ (அசல் × வீதம்)

இதற்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்று எங்கள் கணக்கு டீச்சர் சொல்வார். "இங்கு அசல் ≠ 0, வீதம் ≠ 0". அதாவது அசலும் வீதமும் பூச்சியமாக இருக்கக் கூடாது. இந்த வரிக்குத்தான் எங்கள் வகுப்பில் "வால்" என்று பெயர். "வால் போட்டியா?" "வால் மறந்துட்டேன்பா" என்று பேசிக்கொள்வோம். போன தேர்வில் இந்தக் கேள்வி இரண்டு மதிப்பெண்ணுக்கு வந்தது. வகுப்பில் நாலைந்து பேர்தான் வால் போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. அரை மதிப்பெண் போயிற்று.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டீச்சர், சூத்திரம் சரிதானே? வீதம் ஜீரோன்னா அது வட்டிக் கணக்கே இல்லையே. யார் வீட்ல ஜீரோ வட்டிக்குக் கடன் குடுப்பாங்க?" என்று கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டு, "உங்க வீட்லயே கேட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னார். நான் கேட்கவில்லை. ஆனால் வீடே என்னைக் கேட்டது.

எங்கள் வீட்டில் நடந்தது

அரையாண்டு விடுமுறையில் பெரியம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அம்மா அவரிடம் கைமாற்றாக வாங்கிய 8,000 ரூபாயை அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தார். கைமாற்று என்றால் வட்டி கிடையாது, பத்திரமும் கிடையாது. பணத்தை வாங்கிக்கொண்ட பெரியம்மா, "மூணு வருஷமா ஒரு பைசா வட்டி கேட்டிருப்பேனா?" என்றார். அம்மா, "மூணு வருஷம் எங்கக்கா ஆச்சு, ஒன்றரை வருஷம்தானே" என்றார். "அப்ப நான் பொய் சொல்றேனா?" "நான் அப்படிச் சொன்னேனா?" என்று பேச்சு வளர்ந்துவிட்டது.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஒன்பதாவது படிக்கிற பெருமையில், "இருங்க, நான் கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்று நோட்டை எடுத்தேன். வட்டி 0. வீதம் 0. அசல் 8,000. திருப்பிய சூத்திரத்தில் போட்டேன். மேலே 0 × 100 = 0. கீழே 8,000 × 0 = 0. பூச்சியத்தை எதால் வகுத்தாலும் பூச்சியம்தானே என்று நினைத்து, "பெரியம்மா, ஜீரோ வருஷம்" என்று சத்தமாகச் சொன்னேன்.

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பெரியம்மா சிரிக்கவில்லை. "ஜீரோ வருஷம்னா நான் குடுக்கவே இல்லேங்கிறியா கண்ணு? நேத்துக் குடுத்து இன்னிக்கு வாங்கிக்கிட்டேன்கிறியா?" என்று கேட்டார். கொண்டுவந்த காபியைக் குடிக்காமலே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "உன்னை யாருடி கேட்டா?" என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சூத்திரம் சரி. நான் போட்ட எண்களும் சரி. ஆனாலும் விடை பெரியம்மாவை அவமானப்படுத்திவிட்டது. எங்கே தப்பு?

டீச்சர் சொல்லிக் கொடுத்தது

பள்ளி திறந்ததும் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கரும்பலகையில் மூன்று கணக்கு எழுதினார்.

முதல் கணக்கு: 12 ÷ 3. விடை 4. ஏன்? 4 × 3 = 12 என்பதால். வகுத்தல் என்றாலே "எதால் பெருக்கினால் இது வரும்?" என்று கேட்பதுதான்.

இரண்டாவது: 12 ÷ 0. எதைப் பூச்சியத்தால் பெருக்கினால் 12 வரும்? எதுவும் வராது. ஆகவே விடை இல்லை.

மூன்றாவது: 0 ÷ 0. எதைப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம் வரும்? 1-ம் வரும், 3-ம் வரும், ஒன்றரையும் வரும், 500-ம் வரும். எல்லா எண்ணும் பொருந்துகிறது. ஆகவே ஒரு விடையைப் பொறுக்கி எடுக்க முடியாது.

பிறகு டீச்சர் என்னைப் பார்த்து, "உங்க பெரியம்மா கணக்கு இதுல எது?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்றாவது! வட்டி இல்லாத கடனில் ஒரு வருஷம் ஆனாலும் வட்டி 0. பத்து வருஷம் ஆனாலும் வட்டி 0. அப்படி இருக்கும்போது வட்டியைப் பார்த்து வருஷத்தை எப்படிச் சொல்ல முடியும்? சூத்திரத்துக்கு அது தெரியாது. தெரியாத ஆளை நான் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டேன்.

இதுவே வட்டிக் கடனாக இருந்திருந்தால் சூத்திரம் அழகாகச் சொல்லியிருக்கும். நம் ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். 3,000 ரூபாய்க்கு 1,440 ரூபாய் வட்டி கட்டியிருந்தால், 1,440 × 100 ஐ 3,000 × 24 ஆல் வகுக்க, சரியாக 2 வருஷம். யாரும் சண்டை போட வேண்டாம்.

இரண்டாவது வகைக்கும் டீச்சர் ஓர் உதாரணம் சொன்னார். "வட்டியில்லாக் கடன்" என்று சொல்லிவிட்டு ஒருவர் 500 ரூபாய் வட்டி வாங்கிவிட்டார். எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? மேலே 50,000, கீழே 0. எந்த வருஷமும் பொருந்தாது. அப்படியானால் சொன்னது ஏதோ ஒன்று பொய். பாருங்கள், ஒரே வால்தான். ஓர் இடத்தில் "எனக்குத் தெரியாது" என்கிறது. இன்னோர் இடத்தில் "யாரோ பொய் சொல்றாங்க" என்கிறது.

சூத்திரத்தை முதலில் பார்த்தீர்களா? வட்டி = அசல் × காலம் × வீதம் ÷ 100 என்பதில் வீதம் பூச்சியமாக இருக்கலாம். வட்டி பூச்சியம் என்று சரியாகவே விடை வரும். அங்கே வால் தேவையே இல்லை. நாம் திருப்பிப் போடும்போது, வீதத்தைக் கொண்டு வகுத்தோமே, அந்த நிமிடத்தில்தான் வால் முளைக்கிறது. அதை முளைக்க வைத்தது நாம். எழுத வேண்டிய பொறுப்பும் நமக்குத்தான்.

கடைசியில் காலத்தை எப்படிக் கண்டுபிடித்தோம் தெரியுமா? சூத்திரம் சொல்லாது என்று தெரிந்த பிறகு வேறு இடத்தில் தேடினேன். அந்தப் பணத்தைத் தம்பியின் காதுகுத்துக்காக வாங்கியதாக அம்மா சொன்னார். பரணிலிருந்து மொய் நோட்டை எடுத்தோம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே தேதி இருந்தது. எண்ணிப் பார்த்தால் இரண்டு வருஷம் மூன்று மாதம். பெரியம்மா சொன்னது ஒன்பது மாதம் அதிகம். அம்மா சொன்னது ஒன்பது மாதம் குறைவு. இருவரும் பொய் சொல்லவில்லை, இருவருக்கும் மறந்துவிட்டது, அவ்வளவுதான். பொங்கலுக்கு அம்மாவும் நானும் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். நான் மன்னிப்புக் கேட்டேன். "எழுதாத கடனுக்கு அழுதா தீருமான்னு சும்மாவா சொன்னாங்க. இனிமே எழுதி வெச்சுக்கறேன்" என்று பெரியம்மா சிரித்தார். கடனுக்கு மட்டும் இல்லை பெரியம்மா, சூத்திரத்துக்கும்தான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பெரியவர்களும் தடுமாறிய இடம்

0 ÷ 0 = 0 என்று எழுதியதற்காக நான் வெட்கப்பட்டேன். ஆனால் பிரம்மகுப்தர் என்ற மாபெரும் கணித அறிஞர் கி.பி. 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தம் என்ற நூலில் பூச்சியத்தைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் தெளிவான விதிகள் கொடுத்தவர். அவரே 0 ÷ 0 = 0 என்றுதான் சொல்லியிருக்கிறார். இதை டீச்சர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவ்வளவு பெரியவரே தடுமாறிய இடம் என்றால், நாம் அந்த இடத்தில் ஒரு வரி எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். வால் என்பது குளத்தங்கரையில் "இங்கே ஆழம்" என்று வைத்திருக்கும் பலகை.

பலகை இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதோ இரண்டு விபத்து.

ஒன்று. ஓர் எண்ணின் வர்க்கம், அந்த எண்ணின் ஐந்து மடங்குக்குச் சமம். அந்த எண் எது? நம்மில் பலர் எண் × எண் = 5 × எண் என்று எழுதி, இரண்டு பக்கமும் எண்ணைக் கொண்டு வகுத்து, எண் = 5 என்று முடித்துவிடுவோம். ஆனால் 0-ம் சரியான விடைதான். 0 × 0 = 5 × 0. வகுக்கும்போது "எண் ≠ 0" என்று வால் எழுதியிருந்தால், "அப்ப எண் பூச்சியமா இருந்தா?" என்ற கேள்வி தானாக வந்திருக்கும். வால் எழுதாததால் ஒரு விடை நமக்குத் தெரியாமலேயே காணாமல் போய்விட்டது.

இரண்டு. அ = ஆ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அ-வால் பெருக்குங்கள்.

அ × அ = அ × ஆ

இரண்டு பக்கமும் ஆ × ஆ கழியுங்கள். காரணிப்படுத்துங்கள்.

(அ + ஆ) × (அ − ஆ) = ஆ × (அ − ஆ)

இரண்டு பக்கமும் (அ − ஆ) கொண்டு வகுங்கள்.

அ + ஆ = ஆ

அ-வும் ஆ-வும் சமம் என்பதால் ஆ-வின் இரண்டு மடங்கு = ஆ. அதாவது 2 = 1!

இதை நான் எட்டாம் வகுப்பில் காட்டினேன். பத்து நிமிடம் யாருக்கும் தப்பு தெரியவில்லை. தப்பு எங்கே? (அ − ஆ) கொண்டு வகுத்த இடத்தில். அ = ஆ என்றால் அ − ஆ = 0. அந்த வரியில் "அ ≠ ஆ" என்று வால் போட்டிருந்தால், மேலே "அ = ஆ" என்று எழுதியதோடு அது மோதும். உடனே பிடிபட்டிருக்கும்.

வாலை இடம் மாற்றி ஒட்டாதீர்கள்

இங்கே என் வகுப்பு மாணவர்களிடம் ஒரு வார்த்தை. எனக்கு அரை மதிப்பெண் குறைந்ததைப் பார்த்து, மறுநாளிலிருந்து எல்லோரும் எல்லாக் கணக்கிலும் "≠ 0" என்று ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இதுவும் தப்பு.

செல்சியஸ் = 5 × (ஃபாரன்ஹீட் − 32) ÷ 9 என்ற சூத்திரத்துக்குக் கீழே ஒரு தோழி "ஃபாரன்ஹீட் ≠ 32" என்று எழுதினாள். 32 போட்டால் அடைப்புக்குள் பூச்சியம் வருகிறதாம். வந்தால் என்ன? அது தொகுதியில்தானே வருகிறது. 5 × 0 ÷ 9 = 0. பூச்சியம் டிகிரி செல்சியஸ். தண்ணீர் பனிக்கட்டியாக உறையும் வெப்பநிலை! அதைத் தடை செய்தால் உலகத்தில் ஐஸே கிடையாது. கீழே இருப்பது 9. அது ஒருநாளும் பூச்சியம் ஆகாது. ஆகவே வகுத்தலால் வரும் வால் இங்கே தேவையில்லை.

வகுத்தல் இல்லாத இடத்திலும் வால் வரும். நம் பள்ளித் தோட்டத்துக்கு 40 மீட்டர் கம்பி இருக்கிறது, செவ்வகமாக வேலி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீளமும் அகலமும் சேர்ந்து 20 மீட்டர். நீளம் = 20 − அகலம். அகலத்துக்கு 25 போட்டால் சூத்திரம் மறுக்காமல் −5 மீட்டர் என்று சொல்லும். −5 மீட்டர் நீளத்தில் யார் கத்தரிச்செடி நடுவது? இங்கே வால்: அகலம் 0-ஐ விடப் பெரியது, 20-ஐ விடச் சிறியது.

வட்டத்தின் பரப்பு தெரிந்து ஆரம் கண்டுபிடிக்கும்போது வர்க்கமூலம் எடுக்கிறோம். ஒரே வர்க்கத்துக்குக் கூட்டல் குறியில் ஓர் எண்ணும் கழித்தல் குறியில் ஓர் எண்ணும் இருக்கும். கிணற்றின் ஆரம் கழித்தல் 2 மீட்டராக இருக்க முடியாது. ஆகவே ஆரம் > 0 என்று எழுத வேண்டும்.

ஆகவே வால் என்பது மனப்பாடம் செய்து ஒட்டுவது இல்லை. சூத்திரத்தைத் திருப்பி முடித்ததும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நான் எதைக் கொண்டு வகுத்தேன், அது பூச்சியம் ஆகுமா? வர்க்கமூலம் எடுத்தேனா, அதற்குள் கழித்தல் எண் வருமா, இரண்டு விடை வருமா? இது எந்தப் பொருளின் அளவு, அந்தப் பொருளுக்கு இந்த எண் பொருந்துமா? மூன்றுக்கும் பதில் சொன்னால் வால் தானாக வரும். தேவையில்லை என்றால் தேவையில்லை என்பதும் தெரியும்.

வால் சொல்லும் ரகசியம்

அறிவியல் பாடத்தில் குழியாடிக்கு வரும் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் (குறிகளை விட்டு அளவை மட்டும் எடுத்துக்கொள்வோம்):

பிம்பத் தொலைவு = (பொருளின் தொலைவு × குவியத் தொலைவு) ÷ (பொருளின் தொலைவு − குவியத் தொலைவு)

குவியத் தொலைவு 10 செ.மீ. உள்ள குழியாடி. மெழுகுவர்த்தியை 30 செ.மீ. தூரத்தில் வைத்தால் பிம்பம் 15 செ.மீ.-இல் விழும். 15-இல் வைத்தால் 30-இல். 11-இல் வைத்தால் 110-இல். பத்தரையில் வைத்தால் 210 செ.மீ., அதாவது இரண்டு மீட்டருக்கும் மேலே போய்விடும். பத்திலேயே வைத்தால்? கீழே பூச்சியம். வால் சொல்கிறது: பொருளின் தொலைவு ≠ குவியத் தொலைவு.

அப்படியானால் பத்தில் மெழுகுவர்த்தி வைக்கக் கூடாதா? தாராளமாக வைக்கலாம். வைத்தால் ஒளிக்கதிர்கள் ஆடியில் பட்டு ஒன்றுக்கொன்று இணையாகப் போகும். எங்கேயும் கூடாது. கூடாத இடத்தில் பிம்பத் தொலைவு என்று எந்த எண்ணைச் சொல்வது? டார்ச் லைட்டில் பல்பைக் குவியத்தின் பக்கத்தில் வைப்பது இதற்காகத்தான். ராத்திரி வயலுக்குப் போகிறவர்கள் கையில் ஒளி நீளமாகப் பாய்வது, நம் வாலில் "≠" போட்ட அந்த இடத்தால்தான்! சூத்திரம் வேலை செய்யாத இடத்தில் இயற்கை நின்றுவிடவில்லை, வேறு ஏதோ செய்கிறது. அது என்ன என்று போய்ப் பார்க்கச் சொல்வதுதான் வால். எங்கள் வீட்டில் மொய் நோட்டைப் பார்க்கச் சொன்னதும் அதேதான்.

ஒரு கப்பலே நின்றது

"இதெல்லாம் நோட்டுல மட்டும்தான்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பல் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. கப்பலின் கணினியில் ஒருவர் ஓர் இடத்தில் பூச்சியத்தைப் பதிவு செய்துவிட்டார். கணினி அந்தப் பூச்சியத்தால் வகுக்கப் பார்த்தது. கணினி வலையமைப்பு செயலிழந்தது. கப்பலை ஓட்டும் இயந்திரங்களும் நின்றுபோயின. அவ்வளவு பெரிய போர்க்கப்பல் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நடுக்கடலில் அசையாமல் நின்றது. "இங்கே பூச்சியம் போடக் கூடாது" என்று பார்த்துத் தடுக்கும் ஒரு வரி அந்த இடத்தில் இருந்திருந்தால் கப்பல் நின்றிருக்காது.

மறுப்பவர்களுக்கு என் பதில்

"பரீட்சையில் நேரம் இல்லை" என்கிறார்கள். ஒரு வரி எழுத எத்தனை விநாடி ஆகும்? மார்ஜின் போட்டு, அடிக்கோடு போட்டு, பூ வரைய நேரம் இருக்கிறதே!

"கேள்வியில் கேட்கவில்லையே" என்கிறார்கள். நானும் இதையேதான் சொன்னேன். பெரியம்மாவும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். நாம் ஒன்றைச் சொன்னால், அது எப்போது உண்மை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"கால்குலேட்டர் இருக்கிறதே, அதுவே எர்ரர் காட்டிவிடும்" என்கிறார்கள். காட்டும். ஆனால் 0 ÷ 0 என்பது "தெரியாது" என்பதும், 500 ÷ 0 என்பது "பொருந்தாது" என்பதும் அதற்குத் தெரியுமா? ஏன் என்று நாம்தான் சொல்ல வேண்டும். −5 மீட்டர் வேலிக்கு அது எர்ரர்கூடக் காட்டாது.

என் வேண்டுகோள்

ஆசிரியர்களுக்குப் பணிவான வேண்டுகோள். வால் எழுதாததற்கு மதிப்பெண் குறைப்பது சரியே என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதியதற்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால் நாங்கள் அதையும் பார்த்துப் பார்த்து ஒட்டிவிடுவோம். "ஏன் இந்த நிபந்தனை?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். மாதம் ஒரு நாளாவது வீட்டுக் கணக்கை, கடைக் கணக்கை எங்களையே கொண்டுவரச் சொல்லி, அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று பேச விடுங்கள்.

மாணவ மாணவியருக்கு: வகுத்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கீழே இருப்பது பூச்சியம் ஆகுமா என்று பாருங்கள். சரி, தப்பு என்று இரண்டு விடை மட்டும் இல்லை. "இதை வைத்துச் சொல்ல முடியாது" என்பதும் விடைதான். அன்றைக்கு நான் அந்த விடையைச் சொல்லியிருந்தால் பெரியம்மா காபி குடித்துவிட்டுத்தான் போயிருப்பார்.

ஆகவே சூத்திரத்துக்கு வால் வேண்டும், வேண்டும் என்று கூறி என் கட்டுரையை முடித்துக்கொள்கிறேன்.

போகிற போக்கில் ஒரு புதிர்: நம் ஊரிலிருந்து டவுன் 30 கி.மீ. போகும்போது பஸ் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனது. போய் வந்த மொத்தப் பயணத்துக்கும் சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ. வர வேண்டும் என்றால், திரும்பி வரும்போது எவ்வளவு வேகத்தில் வர வேண்டும்? 90 என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். மொத்தம் எவ்வளவு நேரம் ஆகலாம், போகும்போதே எவ்வளவு நேரம் ஆகிவிட்டது என்று பாருங்கள். விடை கண்டுபிடித்தவர்கள் மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடிக்கு வந்து என்னிடம் சொல்லவும். வாலோடு சொல்லவும்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி